நிலவேம்பு விழுந்த விஸ்கி

முதல் கிளாஸ் பல்பொடி மாதிரி இருந்தது. இரண்டாவது காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயம். மூன்றாவது வெறும் தண்ணீர். நான்காவது பாயசம். ஐந்தாவதைத்தான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். இவ்வளவுக்கும் இடையே ஐந்து வாரமும் ஒரு முழு வோட்கா பாட்டிலும் வீட்டில் எனக்கிருந்த கொஞ்சம் மரியாதையும் போய்விட்டன. அத்தான் கலந்து கொடுத்த ஒரு விஸ்கி காக்டெயிலை வீட்டிலேயே திரும்பச் செய்யப் போன கதை இது, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது அத்தான். அக்கா வீட்டுக்காரர் சொகுசுக் கப்பல் ஒன்றில் பாரில் வேலை பார்க்கிறார். வழக்கமாகக் குற்றாலச் சாரல் நேரத்துக்குத்தான் லீவு போடுவார். இந்தத் தடவை அக்னி நட்சத்திரத்திலேயே வந்து இறங்கிவிட்டார். பையில் ஒரு லிட்டர் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, 700 மில்லி பச்சை ஷார்ட்ரூஸ் என்ற மூலிகை லிக்கர் (லிக்கர் என்றால் இனிப்புச் சரக்கு), கையடக்கமாக ஒரு க்ரெம் டி கக்காவோ என்ற சாக்லேட் லிக்கர். அன்று ராத்திரி பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் மூன்றையும் கலந்து, கூடவே பிட்டர்ஸ் நாலு சொட்டு விட்டு நீட்டினார். முதலில் சாக்லேட் வந்தது. அது போனதும் கற்பூரவல்லி இலையைக் கடித்தது போல ஒரு வாசம். அப்புறம் தொண்டையில் மிளகு. அதுவரை விஸ்கி என்றால் சோடாவும் கடலை மிட்டாயும் என்று இருந்த ஆள் நான்.

பத்து நாளில் அத்தான் கப்பலுக்குத் திரும்பினார். ஷார்ட்ரூஸை அவருடைய சேக்காளிகள் கிட்டத்தட்ட முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். போர்பன் முக்கால் பாட்டில் மிச்சம். மற்ற இரண்டிலும் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கிடந்தது.

ஷார்ட்ரூஸ் நம் பக்கம் கிடைக்கிற சரக்கு இல்லை. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கார்த்தூசியத் துறவிகள் செய்வது. 1605-இல் கைக்கு வந்த ஒரு கையெழுத்துப் பிரதிதான் மூலம். 130 செடிகொடிகள், 55 சதவீதம் ஆல்கஹால், பச்சை நிறம்கூடச் செடியிலிருந்து வருவதுதான். ஜெபமும் தனிமையும்தான் முக்கியம், இதற்கு மேல் உற்பத்தியைக் கூட்டுவதாக இல்லை என்று 2023-இல் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் வெளிநாட்டுக்காரர்களே தேடி அலைகிறார்கள். துறவிகள் 130 போட்டால் நாம் ஒரு பத்து போட்டுப் பார்ப்போமே என்றுதான் இறங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் காய்ச்சுவதோ புளிக்கவைப்பதோ எங்குமே கிடையாது. வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. கடையில் வாங்கிய பாட்டிலில் சாமான்களை ஊறப்போட்டு வடிப்பது மட்டும்தான் நான் செய்தது.

அத்தானின் செய்முறைப்படி பார்த்தால் ரை விஸ்கி வேண்டும், அன்று அவரே போர்பனை வைத்துச் சமாளித்திருந்தார். ரை என்ற தானியத்துக்கு இயல்பிலேயே ஒரு காரம் உண்டு. கையில் இருந்ததோ போர்பன். அதில் பாதிக்கு மேல், சட்டப்படி 51 சதவீதமாவது, மக்காச்சோளம். உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாயில் கிடந்து வருவதால் வெனிலா வாசமும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். காரத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம் என்று 250 மில்லியைக் கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஆறு கிராம்பு, விரல் நீளப் பட்டை, ஒரு ஜாதிபத்திரி, பத்து மிளகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூன்று நாள் விட்டேன். அதுதான் பல்பொடி. பட்டையும் இல்லை, மிளகும் இல்லை, விஸ்கியும் இல்லை, எல்லாவற்றையும் கிராம்பு தின்றுவிட்டது. கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெய்தான் பல் டாக்டரின் அறையில் அடிக்கும் வாசம். நாக்கு நுனி மரத்தே போனது. தண்ணீருக்குச் சட்டென்று இறங்காத எண்ணெய்கள் நாற்பது சதவீத ஆல்கஹாலில் விறுவிறுவென்று இறங்கிவிடும், அதுவும் மே மாத வெக்கையில்.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடவில்லை. பன்னிரண்டு மிளகை அம்மியில் லேசாக நசுக்கிப் பட்டையோடு ஒரு நாள் முழுக்க விட்டேன். கறிக்குப் போடும் தடித்த பட்டை வேண்டாம், அதன் காரம் முரட்டுத்தனம். தாள் தாளாகச் சுருண்டு, நகத்தால் கிள்ளினாலே உதிரும் மெல்லிய சுருள்பட்டைதான் இதற்கு ஏற்றது. போன சீசனில் குற்றாலத்தில் வாங்கிய ஜாதிபத்திரியில் ஒரே ஒரு இதழும் இரண்டு கிராம்பும் கடைசி நாலு மணி நேரத்துக்கு மட்டும். மணிக்கொரு தரம் அரை ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது மணியில் கிராம்பு எட்டிப் பார்த்தது. நாலாவதில் வடித்துவிட்டேன். இதில் சமையல் நேரம் போலக் கடிகாரத்தை நம்பக் கூடாது. உங்கள் கிராம்பு எவ்வளவு பழசு என்பது கடிகாரத்துக்குத் தெரியாது.

மூலிகை லிக்கருக்குத் திருநெல்வேலி டவுணில் ரத வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். துண்டுச்சீட்டில் எழுதியிருந்தது: அதிமதுரம், சித்தரத்தை, சோம்பு, கொத்தமல்லி விதை, ஏலக்காய், வெட்டிவேர், நிலவேம்பு. அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார்.

“யாருக்கு தம்பி, பிள்ளைக்கா?”

நான் என்னத்தைச் சொல்ல. “ஆமா அண்ணாச்சி.”

“நாள்பட்ட சளின்னா இது மட்டும் காணாது. தூதுவளையும் சேத்துக்கிடுங்க. காசு வேண்டாம், கொண்டு போங்க.”

பொட்டலத்தில் அதுவும் சேர்ந்து வந்தது. சீட்டைப் பார்த்து அவர் சளி என்று நினைத்ததில் தப்பே இல்லை. ஷார்ட்ரூஸ்கூட ஆதியில் மருந்தாக விற்கப்பட்டதுதான்.

வோட்கா 150 மில்லி அளந்து, சீட்டில் இருந்த எல்லாவற்றையும் அதில் போட்டேன். மூலிகை லிக்கர் என்றால் அடியில் ஒரு கசப்பு இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால் நிலவேம்பு 5 கிராம். சின்ன அளவுதானே என்று பட்டது. டெங்கு சமயத்தில் தெருமுனையில் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றிக் கொடுத்தார்களே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவன்தான் நானும். இருந்தும் புத்தி வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு சொட்டை விரலில் தொட்டு வைத்தேன். கசப்பு நாக்கில் ஆரம்பித்துக் காதுக்குப் பின்னால் வரை போனது. அதை நம்பி ஒரு கிளாஸ் கலந்ததுதான் இரண்டாவது கிளாஸ், அந்தக் கஷாயம். வாயைக் கழுவி அல்வாத் துண்டு ஒன்றைப் போட்டேன், அதுவும் கசந்தது.

அடுக்களைக்குள் வந்த என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, “ஏங்க, வீடே பிள்ளை பெத்த வீடு மாதிரி மணக்கு” என்றாள். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்க்கப் போனேன். வடிகால் வழியாகப் பின்பக்கத்து முருங்கைக்குப் போய்ச் சேருமே என்று அவள்தான் தடுத்தாள். வடிகட்டி, மூடி போட்டு, ‘கசப்பு’ என்று எழுதி ஒட்டிப் பரணில் வைத்தேன்.

மறுபடி 200 மில்லி வோட்கா. இந்தத் தடவை நிலவேம்பு இல்லை. அதிமதுரம் 5 கிராம், சித்தரத்தை 3, சோம்பு 5, தட்டிய கொத்தமல்லி விதை 10, ஏலக்காய் ஆறு, வெட்டிவேர் இரண்டு விரலால் கிள்ளிய அளவு. இவை ஐந்து நாள். துளசி பதினைந்து இலை, புதினா பத்து, கற்பூரவல்லி ஒன்றே ஒன்று, இவற்றைக் கடைசி ராத்திரிதான் போட்டேன், காலையில் எடுத்துவிட்டேன். பன்னிரண்டு மணி நேரத்தில் நல்ல பச்சை இறங்கியிருந்தது. சோதனைக்காகத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தது மூன்றாம் நாள் குளத்துப் பாசி நிறத்துக்குப் போய், வைக்கோல் வாசம் அடித்தது. வெளிச்சம் பட்டாலும் பச்சை நிற்காது. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்குள் வைக்க வேண்டும். வடித்த பின், சீனியும் தண்ணீரும் சம எடை போட்டுக் கரைத்த பாகு 100 மில்லி சேர்த்தேன். கணக்குக்கு 28 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஷார்ட்ரூஸ் இல்லைதான், பக்கத்து வீடு என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தெரு. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருள் என்பதால் பி.பி. உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள், இனிப்பு எப்படியும் பாகில் இருக்கிறது.

சாக்லேட் லிக்கர்தான் என்னை ரொம்பப் பாடாய்ப் படுத்தியது. முதலில் சோம்பேறித்தனமாகக் கேக்குக்குப் போடும் கோகோ பவுடரை 100 மில்லி வோட்காவில் கலக்கினேன். வண்டல். துணியில் வடித்தால் துணி அடைத்துக்கொண்டது, விட்டுவைத்தால் தெளியவே இல்லை. வாயில் செம்மண் தண்ணீர் குடித்தது போல ஒரு நறநறப்பு. அந்த 100 மில்லி அப்படியே நட்டம்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக வளர்கிறது. அங்கிருந்து உடைத்த கோகோ பருப்பு 100 கிராம் தபாலில் வரவழைத்தேன். இரும்புச் சட்டியில் சிறு தீயில், கடலை வறுப்பது போலக் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். நாலாவது நிமிஷத்தில் புளிப்பு வாசம் போய்ப் பிரவுனி வாசம் வந்தது, உடனே இறக்கிவிட்டேன். ஆறியதும் 300 மில்லி வோட்காவில் ஏழு நாள். தினம் ஒரு குலுக்கு.

ஏழாம் நாள் பார்த்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது. குழம்பில் மிதப்பது போலச் சின்னச் சின்ன மஞ்சள் வட்டங்கள். கோகோ பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்புதான், அந்த வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். திருநெல்வேலியில் மே மாதம் ஊறப்போட்டால் அது எப்படி உறையும்? துணியில் வடித்தேன், எண்ணெயும் கூடவே இறங்கி வந்தது. இதற்கு வைத்தியம் எளிது, எனக்குத்தான் இரண்டு நாள் கழித்து உறைத்தது: பாட்டிலோடு ஃபிரீசரில் ஒரு ராத்திரி. வோட்கா உறையாது, வெண்ணெய் உறைந்துவிடும். காலையில் மேலே மெழுகுவத்தி உருகி ஆறினாற்போல ஒரு வெள்ளைத் தகடு. கத்தி முனையால் ஓரத்தை நெம்பியதும் ஒரே வில்லையாக வந்தது. மிச்சத்தை, சூடாகும் முன்னே, காபி ஃபில்டர் தாளில் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக இறங்க முக்கால் மணி நேரம். அடியில் வந்து விழுந்தது புதுச் செங்கல் நிறத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் தெரிகிற தெளிவு. அந்த வெண்ணெய் வில்லையை என் மனைவி பித்தவெடிப்புக்கு எடுத்துக்கொண்டாள். இந்த முழு விவகாரத்தில் அவள் பாராட்டிய ஒரே பொருள் அதுதான்.

இனிப்புக்குச் சீனி போடவில்லை, உடன்குடிக் கருப்பட்டி. சாக்லேட்டோடு ஒட்டுகிற லேசான புகை வாசம் அதில்தான் இருக்கிறது. தட்டிப் போட்டு, சம அளவு தண்ணீர் விட்டு, கொதிக்க விடாமல் கரைத்து, தெளிய வைத்து மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல கருப்பட்டியிலும் அடியில் கொஞ்சம் மண் நிற்கும். ஒன்றுமே நிற்காமல் பளிச்சென்று கரைந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 200 மில்லி பாகு சேர்த்ததும் மொத்தம் ஏறத்தாழ அரை லிட்டர், கணக்குப்படி 25 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கடையில் விற்கும் க்ரெம் டி கக்காவோவும் அந்த அளவில்தான் இருக்கும்.

மூன்றும் தயார். இனிக் கலக்கிக் குடிப்பதுதானே? மூன்றாவது கிளாஸ் காலை வாரியது. 60 மில்லி விஸ்கி, 15 மில்லி சாக்லேட், 10 மில்லி மூலிகை. எவர்சில்வர் டம்ளரில் ஃபிரீசர் ஐஸை நிரப்பி நீளக் கரண்டியால் அரை நிமிஷம் கலக்கி டீ வடிகட்டியில் வடித்தேன். ஊற்றியது 85 மில்லி. அளவுக் குவளையில் வந்தது 132. நாற்பத்தேழு மில்லி தண்ணீர்! டிரேயிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, போட்டோ எடுத்து அத்தானுக்கு அனுப்புவதற்குள் பாதி ஐஸ் கண்ணீர் விட்டுவிட்டது. ஈர ஐஸ் குளிர்விக்கும் முன்னாலேயே நீர்த்துவிடும். சின்னத் துண்டு என்றால் பரப்பும் அதிகம், சீக்கிரம் கரையும்.

அதனால் ஐஸுக்கு என்று தனியாக நாலு நாள். பிள்ளையின் பழைய சாப்பாட்டுப் பெட்டி, சூடு தாங்கும் தடித்த சுவருள்ளது, அதில் தண்ணீர் நிரப்பி மூடாமல் ஃபிரீசரில் வைத்தேன். பக்கமும் அடியும் காப்பிட்டு இருப்பதால் குளிர் மேலிருந்து மட்டும்தான் இறங்கும், காற்றுக் குமிழிகள் கீழே கீழே தள்ளப்பட்டுப் போகும். பதினெட்டு மணி நேரத்தில் கவிழ்த்தால் மேல் பாதி கண்ணாடி, அடியில் இன்னும் உறையாத கலங்கல். கலங்கலைக் கொட்டிவிட்டு, ரொட்டிக் கத்தியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கோடு போட்டது போலப் பிளக்கும். அல்வாவுக்குச் சொல்வது போல இந்தத் தெளிவுக்கும் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்ததால் கொதிக்கவைத்து ஆற்றியே ஊற்றினேன்.

பெரிய துண்டு இரண்டு, டம்ளரையும் பத்து நிமிஷம் ஃபிரீசரில் வைத்து எடுத்து, இருபத்தைந்து நொடி. வந்தது 110 மில்லி. வாய்க்கு வழவழவென்று, பல் கூசாத குளிர்ச்சி. ஆனால் ருசி? பாயசம். தப்பான வாசம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இருந்தும் இரண்டாவது மடக்கில் திகட்டியது. சாக்லேட்டைக் குறைத்தேன், சாக்லேட்டே காணாமல் போனது. விஸ்கியைக் கூட்டினேன், காட்டமான பாயசம் ஆனது. அத்தான் எந்தத் துறைமுகத்தில் இருந்தாரோ, வாட்ஸப்பில் பிடித்தேன்.

“மாப்ளே, ரெண்டு இனிப்புச் சரக்கு ஒரே கிளாஸ்ல கிடக்கு. கசப்பு எங்க?”

“கசப்பா?”

“பிட்டர்ஸ்! நாலு சொட்டு விட்டேனே, பாக்கல? அந்தப் பாட்டில நான் கையோட கொண்டு வந்துட்டேன். ஊர்ல கிடைக்குமான்னு பாரு.”

ஊரில் தேட வேண்டியிருக்கவில்லை, பரணில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறி, ‘கசப்பு’ பாட்டிலை இறக்கி, பிள்ளையின் பழைய மருந்து டிராப்பரைக் கொதிநீரில் அலசி எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த பாயசத்தில் இரண்டு துளி. ஒன்றும் தெரியவில்லை. நாலு. இனிப்பு ஓரங்களில் கொஞ்சம் சுருங்கிக்கொண்டது போல இருந்தது. ஆறு. அவ்வளவுதான், மொட்டைமாடி ராத்திரி திரும்பி வந்துவிட்டது. சாக்லேட் கறுப்புச் சாக்லேட் ஆனது, கருப்பட்டியின் புகை மேலே எழுந்தது, துளசி தனியாகத் தெரிந்தது, மிளகு கடைசியில் வந்து உட்கார்ந்தது. எட்டுத் துளியில் மறுபடி கஷாயம் தலை நீட்டியதால் ஆறிலேயே நின்றுகொண்டேன். கிராம் கணக்கில் அள்ளிப் போடக் கூடாத சரக்கு இது, கண்ணில் விடும் மருந்து போலச் சொட்ட வேண்டியது. உலகம் முழுக்க பார்களில் சொட்டும் அங்கஸ்தூரா பிட்டர்ஸ்கூட 1824-இல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கு மருந்தாகச் செய்ததுதான் என்று அப்புறம் படித்தேன்.

மேலே வாசத்துக்கு ஆரஞ்சுத் தோல் கேட்டிருந்தார் அத்தான். வீட்டில் நாரத்தங்காய் இருந்தது. வெள்ளைச் சதை ஒட்டாமல் தோலை மெல்லச் சீவி, ஐந்தாவது கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கினேன். விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் புகை போலத் தெறித்து மேல்பரப்பில் படிவது தெரிந்தது. ஆரஞ்சைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. ஊர் விஸ்கியிலும் ஒரு தரம் செய்து பார்த்தேன். நம்மூரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம்தான் அடிப்படை. மசாலாவுக்கு அடியில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தொளதொளவென்று இருந்தது. இன்னொரு தரம் செய்ய மாட்டேன்.

ஒரு கிளாஸில் கிட்டத்தட்ட இரண்டரை ஸ்மாலுக்கு (ஒரு ஸ்மால் 30 மில்லி) உரிய ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும். நான் ஒன்றோடு எழுந்துவிடுகிறேன்.

போன வாரம் வெட்டிவேர் வாங்க மறுபடி டவுணுக்குப் போனேன். அண்ணாச்சி அடையாளம் கண்டு, பிள்ளைக்குச் சளி போச்சா என்று கேட்டார். போச்சு அண்ணாச்சி என்றேன். நிலவேம்பு இன்னும் வேணுமா என்றார். வேண்டாம், இருக்கு. பாட்டிலில் 120 மில்லி மிச்சம். ஆறு துளி கால் மில்லிகூட வராது. வாரம் ஒரு கிளாஸ் என்று வைத்தால் பத்து வருஷத்துக்கு நான் நிலவேம்பு வாங்க வேண்டியதில்லை.